வேதபுரத்துக் காக்கையும் கண்ணனின் கருமையும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற இலக்கிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா நாளில் உரையாற்ற வருபவன் தலபுராணம் சொல்ல வேண்டும், அல்லது நாயன்மார் வரலாறு சொல்ல வேண்டும். அது மரபு. ஆனால் இம்முறை குழுவினர் என்னிடம், "இளையோர் கேட்கும்படியாக, கலை, கவிதை பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டனர். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எனக்குக் கவிதை எழுதத் தெரியாது. ஆனால் கவிஞன் ஒருவன் ஓர் ஊரையும் ஒரு நிறத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்பதை ஓரளவு படித்திருக்கிறேன். அதைச் சொல்ல முற்படுகிறேன். அக்கவிஞன் மகாகவி பாரதி. ஊர், புதுச்சேரி. நிறம், கறுப்பு.

கறுப்பு என்றதும் முன்வரிசையில் இருக்கும் சில தாய்மார்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. திருவிழா மேடையில் மங்கலமான மஞ்சளையோ குங்குமச் சிவப்பையோ பற்றிப் பேசக்கூடாதா என்று நினைக்கலாம். சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

கருமை நம் சமயத்திற்குப் புறம்பான நிறமன்று. கருவறையில் நாம் வணங்கும் மூலவர் திருமேனி கருங்கல்லால் ஆனது. கிருஷ்ணன் என்னும் வடமொழிப் பெயருக்கே கரியவன் என்பது பொருள். தமிழில் அதற்கும் பழமையான பெயர் மாயோன். மா என்றால் கருமை. தொல்காப்பியம் முல்லை நிலத்திற்கு உரியவனாக மாயோனைக் கூறுகிறது. காடும், காடு சார்ந்த இடமும், மழை முகிலும் சேர்ந்த நிலம் அது. கார் என்ற ஒரே சொல் கருமையையும் குறிக்கும், மழைமேகத்தையும் குறிக்கும், மழைக் காலத்தையும் குறிக்கும். மழையை நம்பி வாழ்ந்த மக்களுக்குக் கருமை வளத்தின் நிறமாக இருந்ததில் வியப்பில்லை. தாயை நாம் காளி என்கிறோம், கருமாரி என்கிறோம். சிவபெருமானின் கழுத்திலும் கருமை உண்டு. உலகைக் காக்க நஞ்சுண்ட அடையாளம் அது. தோட்டப்புறத்தில் நம் முன்னோர் எல்லையில் நிறுத்தி வணங்கிய காவல் தெய்வத்திற்குக் கறுப்பசாமி என்று நிறத்தையே பெயராக வைத்தார்கள்.

இலக்கண ஆர்வமுள்ளவர்களுக்காக ஒன்று சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் நிறத்தை மட்டுமல்லாமல் சினத்தையும் குறிக்கும் என்பார் தொல்காப்பியர். இன்று அந்தப் பொருள் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. ஆனால் ஒருவனைப் பார்த்துக் 'கறுப்பன்' என்று சொல்லிப் பாருங்கள், சினம் தானாக வரும்!

புதுச்சேரிக்கு வந்த கதை

பாரதி 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார் என்பது நாம் அறிந்ததே. சென்னையில் 'இந்தியா' என்னும் வார இதழை நடத்திவந்த காலத்தில், 1908ஆம் ஆண்டு, ஆங்கில அரசின் அடக்குமுறை அவ்விதழின் மீது பாய்ந்தது. இதழின் சட்டப்படியான பொறுப்பாளர் கைது செய்யப்பட்டார். அடுத்தது தாம்தான் என்பதை உணர்ந்த நண்பர்கள் பாரதியைப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு அனுப்பி வைத்தனர். அப்போது அவருக்கு வயது 25. சில மாதங்கள் தங்கலாம் என்று போனவர் 1918 நவம்பர் வரை, பத்து ஆண்டுகள், அங்கேயே இருக்க நேர்ந்தது.

அவை சுகமான ஆண்டுகள் அல்ல. 'இந்தியா' இதழ் புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவந்தது; ஆங்கிலேயர் தம் எல்லைக்குள் அது நுழையாதபடி தடுத்ததால் 1910இல் நின்றுபோனது. வருவாய் இல்லை. வீட்டைச் சுற்றி ஒற்றர்கள். கடிதங்கள் பிரிக்கப்பட்டன. சமைப்பதற்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்துவிட்டுக் களித்தார் என்று அவர் குடும்பத்தார் நினைவுகூர்ந்த நிகழ்ச்சியை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அன்றைக்கு அடுப்பெரிக்க வேண்டியிருந்த செல்லம்மாள் அம்மையாருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை இங்குள்ள தாய்மார்கள்தாம் சொல்ல முடியும்.

ஆயினும் பாரதியின் பெரும் படைப்புகள் பல அந்தப் பத்தாண்டுகளில்தாம் பிறந்தன. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் அச்சேறியது. கண்ணன் பாட்டை 1917இல் பரலி சு. நெல்லையப்பர் சென்னையில் வெளியிட்டார். குயில் பாட்டு, புதுச்சேரியை அடுத்த முத்தியாலுப்பேட்டையில் இருந்த ஒரு தோப்பின் நினைவோடு பிரிக்க முடியாதது. இன்றும் அவ்விடத்தைக் குயில்தோப்பு என்றே குறிப்பிடுகின்றனர். அரவிந்தர் 1910 ஏப்ரலில் அங்கு வந்தார், வ.வே.சு. ஐயரும் அதே ஆண்டு வந்து சேர்ந்தார். உள்ளூர் இளைஞர் கனக சுப்புரத்தினம் பாரதியிடம் ஈடுபட்டு, பின்னாளில் பாரதிதாசன் ஆனார்.

அடைக்கலம் புகுந்த ஊரைச் சிலர் சிறையாக எண்ணிப் புழுங்குவர். பாரதி அதற்குத் தாமாக ஒரு பெயர் வைத்துக்கொண்டார். அவருடைய உரைநடைக் கதைகளில் புதுச்சேரி 'வேதபுரம்' என்றே வரும். வேதபுரீசுவரர் கோயில் கொண்ட ஊர் என்பதால் அப்பெயர். அந்தக் கோயிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய வேதபுரீசுவரர் கோயில் 1748ஆம் ஆண்டு, துய்ப்ளே ஆளுநராக இருந்தபோது இடிக்கப்பட்டது. அந்தத் துயரத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. ஆலயம் இடம்பெயர்வதன் வலியைச் செந்தூல் மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் வட்டாரத்தில் மேம்பாட்டுத் திட்டங்கள் வரும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வியே, "கோயில் என்ன ஆகும்?" என்பதுதானே?

மணக்குள விநாயகரைப் பாரதி வழிபட்டார். வெண்பா, கலித்துறை, விருத்தம், அகவல் என்று மாறி மாறி வரும் 40 செய்யுள்களால் அவருக்கு ஒரு நான்மணிமாலை சூட்டினார். அதில் அவர் தமக்கென்று பொன்னும் பொருளும் வேண்டவில்லை. பாட்டு எழுதுவதைத் தம் தொழிலாகவும், நாட்டுக்கு உழைப்பதைத் தம் கடமையாகவும் சொல்லிக்கொண்டு, மற்றவற்றைக் கணபதியின் பொறுப்பில் விட்டுவிடுகிறார். ஓர் ஊர்க் கோயிலின் முன் நின்றுகொண்டு எல்லா உயிர்களின் நலத்தையும் வேண்டிய நூல் அது. ஆலய இளைஞர் பகுதியினர் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை முழுமையாக ஓதலாம் என்பது என் விருப்பம்.

நிறத்தால் பிரிக்கப்பட்ட நகரம்

இனி, நிறத்திற்கு வருகிறேன். புதுச்சேரி நகரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடலோரமாக, பிரெஞ்சுக்காரர் குடியிருந்த பகுதி. மேற்கே தமிழர் குடியிருந்த பகுதி. கிழக்கை 'வெள்ளை நகரம்' என்றும், மேற்கைக் 'கறுப்பு நகரம்' என்றும் அவர்கள் தம் மொழியில் வழங்கினர். சென்னையிலும் ஆங்கிலேயர் கோட்டைக்கு வெளியே இருந்த தமிழர், தெலுங்கர் பகுதியைக் 'கறுப்பர் நகரம்' என்றே குறித்தனர். அரசர் ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் அது ஜார்ஜ் டவுன் ஆனது பின்னாளில்தான். ஆட்சியாளரின் வரைபடத்தில் கறுப்பு என்பது, குடியிருப்பவர் தோலின் நிறத்தைக் கொண்டு தெருவுக்கு இடப்பட்ட முத்திரை.

பாரதி குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடு வாய்க்காலுக்கு மேற்கே, கறுப்பு நகரத்தில் இருக்கிறது. இப்போது அது பாரதி நினைவு இல்லம். மணக்குள விநாயகர் கோயிலோ வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளை நகரத்தின் உள்ளே இருக்கிறது! பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பிருந்தே அங்கே எழுந்தருளியிருந்த பிள்ளையார் என்பர். அவரைத் தரிசிக்கப் பாரதி வாய்க்காலைத் தாண்டிப் போக வேண்டும். தரிசித்துவிட்டுத் திரும்பவும் கறுப்பு நகரத்துக்கு வர வேண்டும். நிறத்தின் பெயரால் கிழிக்கப்பட்ட கோட்டை அந்த மனிதர் பத்தாண்டுகளாகக் குறுக்கே கடந்துகொண்டிருந்தார்.

அந்த ஊரில் வாழ்ந்தபோதுதான் பாரதியின் மனம் கண்ணனிடம் ஆழ்ந்து ஈடுபட்டது. 'நந்தலாலா' என்று முடியும் அந்தச் சின்னஞ்சிறு பாட்டை நாம் எல்லோரும் அறிவோம். மொத்தம் நான்கே கண்ணிகள். காக்கையின் சிறகைக் கண்டபோது கண்ணனின் கரிய நிறம் தெரிந்ததாக அதில் பாடுகிறார். மரங்களைக் கண்டபோது அவனுடைய பசுமை தெரிந்தது. காதில் விழுந்த ஓசையெல்லாம் அவன் இசையாயிற்று. தீயினுள் விரலை வைத்தபோதும் அவனைத் தீண்டிய இன்பம் தோன்றியது. கண்ணில் தொடங்கி, செவி வழியாகச் சென்று, உடம்பின் தோலில் வந்து முடிகிறது பாட்டு.

இப்பாட்டைக் கச்சேரிகளிலும் திரைப்படங்களிலும் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. பழகிப்போனதால் அதன் துணிச்சல் நமக்கு உறைப்பதில்லை. திருமாலின் கருமைக்கு உவமை சொல்லத் தமிழில் பெரியதொரு மரபே உண்டு. மழைமுகிலைச் சொன்னார்கள். கடலைச் சொன்னார்கள். காயாம்பூவைச் சொன்னார்கள். குவளையைச் சொன்னார்கள். கண் மையைச் சொன்னார்கள். மரகதத்தைக்கூடச் சொன்னார்கள்; ஏனெனில் பழந்தமிழர் கருமை, நீலம், பசுமை ஆகிய மூன்றையும் ஒரே குடும்பமாகப் பார்த்தார்கள். கம்பர் இராமபிரானின் திருமேனிக்கு ஒன்றன்பின் ஒன்றாக உவமைகளை அடுக்கி, எதுவும் போதாமல் திகைத்து நிற்பார். ஆண்டாள் நாச்சியார் தம் காலத்துக் காடுகளிலும் சோலைகளிலும் பூத்த கரிய பூக்களையெல்லாம் பார்த்து, 'அவன் நிறத்தைக் காட்டி என்னை ஏன் வருத்துகிறீர்கள்?' என்று கேட்பார். விடியலில் கூடிக் கத்தும் கரிய குருவிகள்கூட அவருக்கு அவன் வரவைச் சொல்லும். திருவில்லிபுத்தூரும் கருமையும் ஆண்டாளுக்கு அமைந்தது போலத்தான் வேதபுரமும் கருமையும் பாரதிக்கு அமைந்தன என்று நான் எண்ணுவதுண்டு.

முகிலும் கடலும் காயாம்பூவும் அழகானவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. காக்கை அப்படியா? வீட்டு வாசலில் அது கத்தினால் விரட்டுகிறோம். காயவைத்த வடகத்தைத் தின்றுவிடும் என்று ஏசுகிறோம். சனீசுவரனின் வாகனம் என்று அஞ்சுகிறோம். முன்னோருக்குச் சோறு வைக்கும் நாளில் மட்டும் "கா, கா" என்று அழைக்கிறோம். உவமைகளின் பெருங்களஞ்சியம் முழுவதும் தம் முன் திறந்து கிடக்க, பாரதி அதைவிட்டு அந்தக் காக்கையைத் தேர்ந்தெடுத்தார். கடல் அவருக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் கறுப்பு நகரத்து வீட்டின் கூரையில் அன்றாடம் வந்து உட்கார்ந்தது காக்கை. அந்தக் காக்கையிடம் அவருக்குத் தனி நட்பே இருந்தது போலும். 'காக்காய்ப் பார்லிமெண்ட்' என்று ஒரு கதையே எழுதியிருக்கிறார்.

ஆட்சியாளன் இழிவாக வைத்த நிறப் பெயரும் ஊரார் இழிவாக எண்ணிய பறவையும் சேரும் இடத்தில் கவிஞன் இறைவனைக் கண்டான் என்பது என் கருத்து. பாரதி இதை எண்ணித் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் வாதிட மாட்டேன். தமிழறிஞர்கள் என்னைக் கேள்வி கேட்பார்கள். ஆனால் அந்தத் தெருவில் நின்று பார்ப்பவருக்கு இந்த எண்ணம் வராமல் போகாது.

ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டவன் அதை எங்கெல்லாம் கண்டான் என்பதையும் பாருங்கள். கண்ணன் பாட்டில் கண்ணன் தோழனாக வருகிறான், தாயாக வருகிறான், தந்தையாக, அரசனாக, சீடனாக, குருவாக, குழந்தையாக, காதலனாக, காதலியாக வருகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, என் மனத்தை உருக்குவது, அவன் சேவகனாக வருவது. எங்கிருந்தோ வந்து, மாடு மேய்க்கவும் வீடு பெருக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் தனக்குத் தெரியும் என்று சொல்லி வேலை கேட்டு நிற்கிறான். கூலி கேட்டால், பெரிதாக ஒன்றும் வேண்டாம் என்கிறான். இறைவனைக் கூலியாளாக நிறுத்திப் பார்த்த கவிஞர்கள் எத்தனை பேர்? கண்ணம்மாவைப் பாடும்போது அவள் கண்ணில் இரவு வானத்தைக் கண்டார். அவள் உடுத்திய பட்டில் விண்மீன்களைக் கண்டார். காளியைப் பாடும்போது அதே இருள் அச்சமூட்டும் பேரிருளாகிறது. 'முரசு' பாட்டில், ஒரு வெள்ளைப் பூனை ஈன்ற குட்டிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறமாக இருப்பதைக் காட்டி, நிறம் எதுவானாலும் அவையெல்லாம் ஒரே தரம் அல்லவா என்று கேட்கிறார். சிறு பிள்ளைக்கும் விளங்கும் வாதம் அது. பெரியவர்களுக்குத்தான் விளங்குவதில்லை.

நம் ஊர், நம் நிறம்

செந்தூல் என்னும் பெயர் அதே பெயருடைய பழமரத்தினால் வந்தது என்பர். நம் காதிலோ அது செம்மண் தூளைப் போல ஒலிக்கிறது. ஆயினும் நான் பெரியவர்களிடம் கேட்டறிந்த பழைய செந்தூலின் நிறம் சிவப்பன்று, கறுப்பே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே இரயில்வேப் பெரும்பட்டறை அமைந்தது. நிலக்கரியால் ஓடிய நீராவி எஞ்சின்கள் பழுது பார்க்க இங்கு வந்தன. பட்டறை வேலைக்கென்று தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நம்மவர் வந்து குடியேறினர். 1945இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு அழித்ததும் இந்தப் பட்டறையைத்தான்.

என் தாத்தா அங்கே கொதிகலன் பகுதியில் வேலை செய்தவர். மாலையில் வீடு திரும்பும்போது அவருடைய கண்ணின் வெண்மை மட்டுமே தெரியும் என்று பாட்டி சொல்வார். எத்தனை முறை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கரி போகாது. ஓய்வு பெற்ற பின்னும் அவர் விரல் ரேகைகளில் அது இருந்தது. கோயிலில் அர்ச்சனைத் தட்டை அந்தக் கைகளால் வாங்குவதற்குக் கூசி, பாட்டியை வாங்கச் சொல்வாராம். இந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு உண்டான வருத்தம் இன்னும் தீரவில்லை. இந்நாட்டின் இரயில்கள் ஓடுவதற்காக ஒட்டிக்கொண்ட கரி அது. கருவறையில் இருப்பவளுக்கு அது தெரியாதா?

பட்டறைக் கட்டடங்களில் ஒன்று பின்னர் புதுப்பிக்கப்பட்டு, 2005இல் கோலாலம்பூர் கலையரங்கமாகத் திறக்கப்பட்டது. நாடகமும் இசையும் அங்கே நடைபெறுகின்றன. கலைஞர்கள் அங்கே வருவதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தச் சுவர்களுக்குள் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், தங்களுக்கும் கலைக்கும் தொடர்பில்லை என்று எண்ணி வெளியே நிற்கக்கூடாது. பாடுவதற்கும் வரைவதற்கும் தேவையானவை அவர்கள் வீட்டிலேயே கிடைக்கின்றன.

காக்கையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று பறக்கும் இந்த வீட்டுக் காக்கை இம்மண்ணுக்கு இயல்பாக உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டங்களைத் தின்ற புழுக்களை ஒழிப்பதற்காக, இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை அது. தோட்ட வேலைக்கென்றே கப்பலில் வந்து இறங்கியது என்றால், நம் முன்னோரின் வரலாறு நினைவுக்கு வருகிறதா இல்லையா? காப்பி போயிற்று, இரப்பர் வந்தது. காக்கை இங்கேயே தங்கிப் பெருகிவிட்டது. பின்னாளில் தொல்லை பொறுக்காமல் கிள்ளான் உள்ளிட்ட ஊர்களில் நகராண்மையினர் அதைச் சுட ஏற்பாடு செய்ததும் உண்டு. அரசு ஊழியனாகிய நான் அதைக் குறை கூற வரவில்லை; பொதுச் சுகாதாரம் முக்கியமானது. ஆனால் பாரதியின் பாட்டைப் படித்தவனுக்கு அந்தச் செய்தியைப் படிக்கும்போது மனம் ஒரு கணம் நிற்கத்தான் செய்யும்.

நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் ஆசிரியை அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தார். சன்னலுக்கு வெளியே வேலிக் கம்பியில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. "நல்லாப் பாருங்க, அது வெறும் கறுப்பா?" என்று கேட்டார். பார்த்தோம். வெயில் பட்ட இடத்தில் நீலம் மின்னியது. அது கழுத்தைத் திருப்பியபோது ஊதா தெரிந்தது. கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறம். வகுப்பில் எல்லோரும் என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலம் அது. என்ன பட்டப்பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலை குளியலறைக் கண்ணாடியில் என் கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீலம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பழுப்பும் செம்மையும் தெரிந்தன.

இப்போது, இந்த உரைக்குக் காரணமான நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில், கிருஷ்ண ஜெயந்தியையொட்டிய மாறுவேடப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தனர். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், மயிற்பீலியும் புல்லாங்குழலுமாக வந்து நின்றான். முகம் முழுவதும் வெள்ளைப் பவுடர். அதன் மேல் நீலச் சாயம். வியர்த்து வழிந்து இரண்டும் கலந்து, பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன் அம்மா இவ்வளவு பவுடர்? பிள்ளைக்குக் கண் எரிகிறதே" என்று கேட்டேன்.

"என்ன சார் செய்றது, பையன் கொஞ்சம் கறுப்பு. கிருஷ்ணர் வேஷம் எடுபடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. முனியாண்டி வேஷம் போடச் சொன்னாங்க. இவன்தான் கிருஷ்ணர்தான் வேணும்னு அழுதான்" என்றார் அந்தத் தாய்.

அவர் மீது எனக்குச் சிறிதும் கோபம் இல்லை. மகனுக்குப் பரிசு கிடைக்க வேண்டும் என்று விரும்பிய தாய் அவர். முனீசுவரர் வேடம் தாழ்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. அவரும் நம் குலம் காத்த தெய்வம். ஆனால் கரியவன் என்றே பெயர் கொண்ட இறைவனின் வேடத்திற்கு, கரிய நிறம் ஒரு குறை என்று நம்மவர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் நிலைக்கு எப்படி வந்தோம்? அச்சிட்ட நாட்காட்டிப் படங்களில் கண்ணன் வெளிர்நீலமாகிப் பல காலம் ஆயிற்று. திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும் அதை மேலும் வெளுப்பாக்கின. அழகு சாதன விளம்பரங்கள் மீதியைச் செய்தன. துய்ப்ளேயின் நகரத்தில் வாய்க்கால் ஒன்று இருந்தது. நாம் அதைப் பிள்ளையின் முகத்தில் பவுடரால் வரைகிறோம்.

மேடையிலிருந்து அந்தப் பிள்ளை இறங்கியதும் என்னிடம் வந்து, "அங்கிள், கிருஷ்ணர் உண்மையிலேயே என்ன கலர்?" என்று கேட்டான். அவனை வாசலுக்கு அழைத்துச் சென்றேன். குப்பைத் தொட்டியின் மீது உட்கார்ந்திருந்த காக்கையைக் காட்டினேன். அவன் சிரித்துவிட்டான். "காக்காவா?" என்றான். அந்தக் கேள்வியில் ஏமாற்றம் இருந்ததா, மகிழ்ச்சி இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு காக்கையை நோக்கித் தன் கையை நீட்டி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

இந்நிகழ்ச்சியை நம் ஆலயத் தலைவர் அவர்களிடம் சொன்னபோது, அவர் இரண்டு ஏற்பாடுகளுக்கு இசைந்தார். அவற்றை இம்மேடையிலேயே அறிவிக்கும்படியும் பணித்துள்ளார். முதலாவது, அடுத்த கிருஷ்ண ஜெயந்தியின்போது நம் ஆலயத்தில் நடைபெறும் மாறுவேடப் போட்டியில் முகப்பவுடரும் நிறச் சாயமும் கூடா. பிள்ளைகள் தத்தம் நிறத்திலேயே வர வேண்டும். மயிற்பீலியும் குழலும் ஆலயமே தரும்.

இரண்டாவது, திருவிழாவின் நிறைவு நாளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு ஓவியப் போட்டி. செந்தூலில் தாங்கள் கண்ட எதையும் வரையலாம்: கோபுரம், தண்டவாளம், ஆற்றங்கரை, அடுக்குமாடி வீட்டின் நடைபாதை, பாட்டியின் கை, எதுவானாலும் சரி. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு வண்ணப் பென்சில்தான். எந்த நிறம் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே நிறத்தை வைத்துக்கொண்டு ஓர் ஊரைப் பார்ப்பது எப்படி என்பதைப் பெரியவர்களும் அருகில் அமர்ந்து கவனிக்கலாம். திருத்தம் மட்டும் சொல்லக்கூடாது. பெயர்களை ஆலய அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம்; கட்டணம் இல்லை. கறுப்புப் பென்சில்களைச் சற்றுக் கூடுதலாகவே வாங்கி வைக்கும்படி பொருளாளர் அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.